நிக் மெக்கிம்

நிக் மெக்கிம் (பிறப்பு 1965) ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தைச் சேர்ந்த பசுமைக் கட்சி அரசியலர். 2002 முதல் 2015 வரை மாநிலக் கீழவையில் ஃபிராங்க்ளின் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 2008இல் மாநிலக் கட்சியின் தலைமையை ஏற்றார். 2015இல் கிறிஸ்டின் மில்ன் விலகியபோது அவர் வகித்த கூட்டாட்சி மேலவை இடத்துக்கு வந்தார். மெக்கிம்மின் மாநில அரசியல் வாழ்வில் நின்று நோக்கத்தக்கவை இரண்டு: ஹோபார்ட் நகருக்கு மீண்டும் ரயில் கொண்டுவர எடுத்த முயற்சி, தீராத நோயாளிகள் மருத்துவ உதவியோடு தம் இறப்பைத் தாமே முடிவுசெய்ய வழிவிடும் சட்டத்துக்காக நடத்திய போராட்டம்.

2010 தேர்தலில் 25 இடங்கள் கொண்ட கீழவையில் தொழிற்கட்சியும் லிபரல் கட்சியும் தலா பத்து இடங்களைப் பிடித்தன. மீதி ஐந்தும் பசுமைக் கட்சிக்கு. இந்த இழுபறியில் அமைந்த தொழிற்கட்சி அரசில் மெக்கிம் அமைச்சரானார். ஆஸ்திரேலியாவில் பசுமைக் கட்சியிலிருந்து அமைச்சர் பதவிக்கு வந்த முதல் ஆள் அவரே. அவரிடம் இருந்த துறைகளில் நிலைத்தகு போக்குவரத்தும் ஒன்று. பின்னர் கல்வித் துறையும் கிடைத்தது. அத்துறையை அவர் வகித்தபோது 2011இல் இருபது பள்ளிகளை மூடும் திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்துக் கைவிடப்பட்டது.

ஹோபார்ட் ஒருகாலத்தில் தண்டவாளங்களின் ஊர். 1893லேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கிய நகரம் அது. டிராம்கள் 1960இலும் புறநகர் ரயில் 1974 இறுதியிலும் நின்றன. 1978இல் மாநிலத்தின் கடைசிப் பயணிகள் ரயிலும் ஓய்ந்தபின், அரசுக்குச் சொந்தமான மெட்ரோ டாஸ்மேனியா பேருந்துகளை விட்டால் சொந்தக் கார்தான் கதி என்றானது. டெர்வென்ட் ஆற்றின் இருகரையிலும் நீண்டு கிடக்கும் நகருக்கு இது எளிதில் தீராத சிக்கல். நகர நடுவிலிருந்து வடக்கே கிளெனார்க்கி வழியாகச் செல்லும் பழைய சரக்குப் பாதையில் இலகு ரயில் விடலாமா என்று ஆராயும் பணி மெக்கிம்மின் காலத்தில் நடந்தது. 2011இல் வந்த முதல் மதிப்பீடு, செலவுக்கேற்ற பயன் இராது என்றது. அத்தோடு கோப்பை மூடிவிடாமல், நிறுத்தங்களைக் குறைத்து, தூரத்தைச் சுருக்கி, கணக்கை மறுபடி பார்க்கச் செய்தது மெக்கிம்மின் பங்களிப்பு. திருத்திய மதிப்பீடு திட்டத்துக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் பணம் ஒதுக்கப்படுமுன் அரசியல் மாறியது. 2014 தொடக்கத்தில் தொழிற்கட்சி கூட்டை முறித்தது; மார்ச் தேர்தலில் லிபரல் கட்சி வென்றது. அதே ஆண்டில் சரக்கு ரயில்களும் ஹோபார்ட்டுக்கு வருவது நின்றது. பாதை காலியான நேரத்தில் அதைப் பயன்படுத்த முனைந்தவர் பதவியில் இல்லாமற்போனது அந்த நகருக்கு நேர்ந்த இழப்பே. பின்வந்த அரசு அந்தத் தடத்தில் விரைவுப் பேருந்து விடும் யோசனையின் பக்கம் சாய்ந்தது.

உதவியுடன் இறத்தல் தொடர்பாக ஆஸ்திரேலியாவில் முதலில் சட்டம் இயற்றியது வட ஆட்சிப்பகுதி. 1996இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தை மறு ஆண்டே கூட்டாட்சி நாடாளுமன்றம் செல்லாததாக்கியது. மாநிலங்களின் சட்டங்களை அவ்வாறு எளிதில் தள்ளிவிட முடியாது என்பதால் போராட்டம் மாநில அவைகளுக்கு நகர்ந்தது. 2009இல் மெக்கிம் கொண்டுவந்த மசோதா 15-க்கு 7 என்று தோற்றது. நான்கு ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் வந்தார், இம்முறை தனியாக அல்ல. மாநிலப் பிரதமர் லாரா கிடிங்ஸும் அவரும் 2013 பிப்ரவரியில் விரிவான ஆலோசனை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, ஒரு தனிநபர் மசோதாவைக் கூட்டாக முன்வைத்தனர். நோயாளி மூன்று முறை கோர வேண்டும், இரண்டாவது மருத்துவரும் பரிசோதிக்க வேண்டும் என்ற காப்புகள் அதில் இருந்தன. நோய்களின் வரையறை அகன்றது, முதியோரும் ஊனமுற்றோரும் மறைமுக நெருக்கடிக்கு ஆளாகலாம் என்று எதிர்த்தவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. பின்வந்த சட்டங்கள் இறுகியதற்கு அதுவும் காரணம்.

அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் மசோதா 13-க்கு 11 என்று வீழ்ந்தது. பசுமைக் கட்சியினர் ஐவரும் ஆதரித்தனர். லிபரல் உறுப்பினர் பத்துப் பேரும் எதிர்த்தனர். மனச்சாட்சிப்படி வாக்களிக்க விடப்பட்ட தொழிற்கட்சி பிளவுபட்டது. ஒரேயொருவர் பக்கம் மாறியிருந்தாலும் வாக்குகள் சமமாகியிருக்கும். அன்று அது நிறைவேறி மாநில மேலவையையும் கடந்திருந்தால், 2017இல் சட்டம் இயற்றிய விக்டோரியாவை டாஸ்மேனியா முந்தியிருக்கும்.

கிடிங்ஸ் 2017இல் முன்னின்ற இன்னொரு முயற்சியும் தோற்றது. கடைசியில் வென்றது மேலவையின் சுயேச்சை உறுப்பினர் மைக் காஃப்னி கொண்டுவந்த மசோதா. 2021 மார்ச்சில் நிறைவேறி 2022 அக்டோபர் 23 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டம், பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள், நரம்புச் சிதைவு நோய்களில் பன்னிரண்டு மாதங்களுக்குள், இறப்பு எதிர்பார்க்கப்படும் வயதுவந்தோருக்குப் பொருந்தும். மூன்று கோரிக்கைகள் என்ற படிமுறை அதிலும் இருக்கிறது.