நிறுத்திப் பிடிப்பு (சுமையுந்து)

நிறுத்திப் பிடிப்பு என்பது, ஓட்டுநர் மிதியை விட்ட பின்னரும் வண்டியின் நிறுத்தி முழுமையாக விலகாமல், சுழலும் சக்கரத்தை ஓரளவு உரசிக்கொண்டே இருக்கும் பழுதாகும். பேச்சு வழக்கில் "பிரேக் பிடித்துக்கொண்டது" என்றும் "பிரேக் ஜாம்" என்றும் இது கூறப்படுகிறது. மிதிவண்டி முதல் தொடர்வண்டி வரை எல்லா ஊர்திகளிலும் இப்பழுது ஏற்படலாம். எனினும் காற்றழுத்த நிறுத்தி பொருத்தப்பட்ட கனரகச் சுமையுந்துகளில்தான் இதன் விளைவுகள் பெரியவை. சுமையுந்துகளுக்கு உடற்கூடு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற திருச்செங்கோடு, கொல்லிமலை அடிவாரப் பாதையில் அமைந்த சேந்தமங்கலம் ஆகிய ஊர்களின் பட்டறைகளில் இது அன்றாடம் எதிர்கொள்ளப்படும் பழுதுகளுள் ஒன்றாகும்.

அமைப்பு

சுமையுந்துகளில் பெரும்பாலும் உருளை நிறுத்தியே பயன்படுகிறது. பட்டறை வழக்கில் இது டிரம் பிரேக் எனப்படும். சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு உருளையின் உள்ளே, பிறை வடிவில் இரண்டு கட்டைகள் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் வெளிப்புறத்தில் லைனிங் எனப்படும் உராய்வுப் பட்டை ஒட்டப்பட்டோ தறையப்பட்டோ இருக்கும். கட்டைகள் விரிந்து உருளையின் உட்சுவரை அழுத்தும்போது உராய்வினால் சக்கரம் மெதுவாகிறது. இவ்வகை நிறுத்திக்கு இன்றுள்ள வடிவத்தை 1902 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லூயி ரெனோ அளித்தார்.

கட்டைகளை விரிக்கும் விசை காற்றிலிருந்து கிடைக்கிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869 ஆம் ஆண்டில் தொடர்வண்டிகளுக்காக உருவாக்கிய முறையின் வழித்தோன்றலே இது. எஞ்சினால் இயங்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டிகளில் ஏறத்தாழ 7 முதல் 8 பார் அழுத்தத்தில் சேமிக்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது அக்காற்று ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள பிரேக் சேம்பர் எனும் அறைக்குச் செல்கிறது. அவ்வறையின் ரப்பர் படலம் புஷ் ராடு எனப்படும் தண்டைத் தள்ளுகிறது. தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் எனும் நெம்புகோலைத் திருப்புகிறது. நெம்புகோல் தன்னோடு பிணைந்த கேம் தண்டைத் திருப்ப, அதன் நுனியில் ஆங்கில எழுத்தாகிய எஸ் வடிவில் உள்ள பகுதி கட்டைகளை விலக்கி விரிக்கிறது.

இந்தியாவில் இத்தகைய காற்றழுத்த அமைப்புகளின் உற்பத்தியில் சென்னைக்கு முதன்மையான இடம் உண்டு. சுந்தரம்–கிளேட்டன் நிறுவனம் இங்கிலாந்தின் கிளேட்டன் டெவாண்டர் நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1962 ஆம் ஆண்டில் பாடியில் தொடங்கப்பட்டது. உராய்வுப் பட்டைகள் தயாரிக்கும் ரானே பிரேக் லைனிங் நிறுவனம் 1964 ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

பிடிப்பு ஏன் ஏற்படுகிறது

இப்பழுதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு உதவும். அறையின் படலம் 150 சதுர செண்டிமீட்டர் பரப்புடையது எனவும், அழுத்தம் 7 பார் எனவும் கொண்டால், தண்டைத் தள்ளும் விசை ஏறத்தாழ 10,500 நியூட்டன் ஆகும். இது ஒரு டன் எடைக்குச் சற்று அதிகம். ஆனால் மிதியை விட்டபின் கட்டைகளைத் திரும்ப இழுப்பது ரிட்டன் ஸ்பிரிங் எனும் சுருள்வில் மட்டுமே. அதன் விசை மேற்கூறிய விசையில் ஒரு சிறு பகுதிதான். எனவே இணைப்புகளில் துருவோ, காய்ந்த கிரீசோ, சேறோ சேர்ந்தால் பிடிக்கும் செயல் தடையின்றி நடக்கும். விடும் செயல் தடைப்படும். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்பதாலேயே இணைப்புகள் நல்ல நிலையில் உள்ளன என்று முடிவு செய்வது தவறாகும்.

விலகிய நிலையில் கட்டைக்கும் உருளைக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவிலான இடைவெளியே இருக்கும். இந்தச் சிறு இடைவெளியை அழிக்கக்கூடிய எதுவும் பிடிப்பை உண்டாக்கும். கேம் தண்டின் புஷ் கிரீஸ் இன்றி இறுகிப்போதல், கட்டை ஊன்றிநிற்கும் முளை துருப்பிடித்தல், சுருள்வில் தளர்தல், ஸ்லாக் அட்ஜஸ்டரை அளவுக்கு மீறி முறுக்கி வைத்தல் ஆகியவை சக்கரத்தளவில் நிகழ்பவை. உருளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மட்டும் உரசும். சுருள்வில்லைப் பொறுத்தவரை ஒரு தீய சுழற்சி உண்டு: உரசலால் எழும் வெப்பம் வில்லை மேலும் தளர்த்துகிறது, தளர்ந்த வில் உரசலை மேலும் கூட்டுகிறது.

காற்றுப் பகுதியிலும் காரணங்கள் உள்ளன. அறைக்குச் சென்ற காற்று, மிதியை விட்டவுடன் ரிலே வால்வின் வழியே வெளியேற வேண்டும். வால்வினுள் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ சேர்ந்தால் சிறிது காற்று தங்கிவிடும். மிதியடியில் விரிப்பு மடிந்து சிக்கிக்கொள்வது போன்ற அற்பக் காரணமும் எல்லாச் சக்கரங்களையும் ஒருசேரப் பிடிக்கச் செய்யலாம்.

நிறுத்துமிட நிறுத்தி இவற்றினின்றும் வேறுபட்டது. பெரும்பாலான சுமையுந்துகளில் பின் அச்சின் அறைகளுள் வலிய சுருள்வில் ஒன்று அடைக்கப்பட்டுள்ளது. இங்கு பிடிப்பது வில், விடுவிப்பது காற்று. எனவே காற்றுக் கசிந்து அழுத்தம் ஏறத்தாழ 5 பார் அளவுக்குக் கீழே குறையத் தொடங்கினால், ஓட்டுநர் எதையும் தொடாமலேயே பின் சக்கரங்கள் மெல்லப் பிடிக்கத் தொடங்கும். காற்று முழுவதும் ஏறும் முன்பே வண்டியை நகர்த்துவோர் இதனைச் செயற்கையாகத் தாமே வரவழைத்துக்கொள்கின்றனர்.

இழப்பு

பிடித்த சக்கரம் ஒன்று வண்டியை 200 நியூட்டன் விசையுடன் பின்னிழுக்கிறது எனக் கொள்வோம். இது 20 கிலோ எடையைத் தூக்கும் விசைக்கு நிகரானது. ஓட்டுநரால் உணர இயலாதது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இதனால் வீணாகும் திறன் ஏறத்தாழ 3.3 கிலோவாட். அதாவது மூன்று மின்னடுப்புகளை உருளைக்குள் இடைவிடாது எரியவிடுவதற்குச் சமம். 100 கிலோமீட்டரில் 20 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. எஞ்சினின் பயனுறுதிறனையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் டீசல் கூடுதலாகச் செலவாகும். வட மாநிலங்களுக்குச் சென்று திரும்பும் நாமக்கல் வண்டிக்கு இது சிறு தொகையன்று.

பண இழப்பைக் காட்டிலும் பெரியது தீ. உருளையின் வெப்பம் சக்கர வளையத்தின் வழியே டயருக்குப் பரவுகிறது. பேரிங்கின் கிரீஸ் உருகி வழிகிறது. டயர் ஒருமுறை பற்றிக்கொண்டால் கையடக்கத் தீயணைப்பானால் அணைப்பது கடினம். அணைந்ததுபோல் தோன்றி மீண்டும் எரியும் இயல்புடையது அது. நாமக்கல் பகுதியினர் பெருமளவில் இயக்கும் சமையல் எரிவாயுக் கொள்கல உந்துகளில் இவ்வாய்ப்பை எண்ணிப் பார்த்தால், இப்பழுதைச் சிறு பழுது எனத் தள்ளிவைக்க இயலாது என்பது விளங்கும்.

கண்டறிதல்

கருகிய வாடை, சமதளத்தில் நியூட்ரலில் விட்டால் வண்டி விரைவில் நின்றுவிடுதல், மைலேஜ் குறைதல் ஆகியவை முதல் அறிகுறிகள். சற்றுத் தொலைவு ஓட்டியபின் எல்லாச் சக்கரங்களின் வெப்பத்தையும் ஒப்பிட வேண்டும். உருளையைத் தொடக்கூடாது, புறங்கையை அருகில் கொண்டுசென்றாலே வேறுபாடு தெரியும். அகச்சிவப்பு வெப்பமானி இருப்பின் நன்று.

எத்தனை சக்கரங்கள் சூடாகின்றன என்பதே காரணத்தைச் சுட்டும். ஒரே சக்கரம் எனில் பழுது அச்சக்கரத்தின் இணைப்பில் உள்ளது. ஓர் அச்சின் இரு பக்கமும் எனில் அந்த அச்சுக்குரிய வால்வை ஐயுற வேண்டும். பின் சக்கரங்கள் அனைத்தும் எனில் காற்றழுத்தத்தையும் நிறுத்துமிட வால்வையும், எல்லாச் சக்கரங்களும் எனில் மிதியையும் நோக்க வேண்டும். ஒரு சக்கரத்தில் மிதியை விட்டபின் புஷ் ராடு முழுமையாக உள்ளே திரும்புகிறதா என்று ஒருவர் பார்த்து நிற்க, மற்றொருவர் மிதியை அழுத்தி விடுவது எளிய சோதனையாகும். தண்டு மெதுவாகவோ பாதியிலோ திரும்பினால் கேம் தண்டும் வில்லும், முழுமையாகத் திரும்பியும் சக்கரம் உரசினால் இடைவெளி அமைப்பும் காரணமாகும்.

சீர்செய்தல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, காற்றை முழு அழுத்தத்திற்கு ஏற்றி, நிறுத்துமிட நிறுத்தியை விடுவித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். நிறுத்துமிட நிறுத்தியை விடுவிக்காமல் பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு "பிடிப்பு" எனக் கருதுவது புதியவர்கள் செய்யும் பிழை.

கையால் திருப்பும் ஸ்லாக் அட்ஜஸ்டரின் உள்ளே ஒரு புழுப்பற்சக்கரம் உண்டு. அதன் அறுகோணத் தலையை ஸ்பேனரால் திருப்பினால் கேம் தண்டின் தொடக்க நிலை மாறும். சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, கட்டைகள் உருளையைத் தொட்டுச் சக்கரம் நிற்கும் வரை திருப்பி, பின்னர் எதிர்த்திசையில் கால் முதல் அரைச் சுற்று தளர்த்துவது பொது வழக்கம். சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். மிதியை அழுத்தும்போது தண்டின் நகர்வு தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பது போதாது. உரசல் நீங்கினால் போதும் என அளவுக்கு மீறித் தளர்த்தினால், அறையின் படலம் முழு நீளமும் நகர்ந்த பின்னரும் கட்டை போதிய அளவு அழுத்தாது. பிடிப்பு நீங்கிய வண்டி, நிற்காத வண்டியாகிவிடும்.

தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில் இடைவெளி தானே சரிசெய்யப்படுகிறது. அது அடிக்கடி அளவு தவறினால் கையால் திருப்பிவிட்டு அனுப்புவது தீர்வாகாது. அட்ஜஸ்டரோ கேம் புஷ்ஷோ தேய்ந்திருப்பதன் அறிகுறியாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

கேம் தண்டு இறுகியிருந்தால் உருளையைக் கழற்றி, புஷ்களைத் துப்புரவு செய்து அல்லது மாற்றி, கிரீஸ் இட வேண்டும். மிகுதியான கிரீஸ் பட்டையின்மேல் வழிந்தால் அப்பட்டை பயனற்றுப் போகும். சுருள்வில்களை ஓர் அச்சின் இருபுறமும் சேர்த்து மாற்றுவதே முறை. உள்ளே சேர்ந்த தூளைக் காற்றுக் குழாயால் ஊதக்கூடாது. பழைய பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும், அத்தூள் நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பது. ஈரத் துணியால் துடைத்தெடுக்கலாம்.

ஒன்றை மட்டும் சாலையோரத்தில் ஒருபோதும் முயலக்கூடாது: வில் அடைக்கப்பட்ட பின் அச்சு அறையைப் பிரிப்பது. அவ்வில் ஏறத்தாழ ஒரு டன் விசையுடன் அமுங்கியிருக்கும். அதனை உரிய நீண்ட போல்ட்டினால் இறுக்கிப் பூட்டாமல் மூடியைக் கழற்றினால், பாய்ந்து வெளியேறும் மூடி ஆளைக் கொல்லும் வலிமையுடையது.

மலைச் சாலையும் சூடான உருளையும்

சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலை விளைபொருள்கள் இவ்வழியே சமவெளிக்கு வருகின்றன. 10 டன் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது 98 மெகாஜூல் ஆற்றலை எங்கேனும் செலவிட்டாக வேண்டும். ஏறத்தாழ 330 லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. தாழ்ந்த கியரில் எஞ்சினின் தடையைப் பயன்படுத்தாத ஓட்டுநர் இவ்வெப்பம் முழுவதையும் உருளைகளில் ஏற்றுகிறார். ஏற்கெனவே ஒரு சக்கரம் பிடித்திருந்தால் அது சூடாகவே மலையுச்சியிலிருந்து புறப்படுகிறது. பாதி வழியில் அதன் உராய்வுத் திறன் குன்றி, சுமை மற்றச் சக்கரங்களுக்கு மாறுகிறது.

சூட்டினால் வார்ப்பிரும்பு விரிவடையும். 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை 200 பாகை கூடுதலாகச் சூடானால் அதன் விட்டம் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் பெருகும். அதாவது ஒவ்வொரு கட்டைக்கும் இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுகிறது. நிறுத்தியின் பிடி குறைவதை உணரும் ஓட்டுநர், அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி அட்ஜஸ்டரை முறுக்குவதுண்டு. அப்போது அது சரியாகவே தோன்றும். இரவில் உருளை குளிர்ந்து சுருங்கியதும் அந்த 0.4 மில்லிமீட்டர் மறைந்துபோக, காலையில் நான்கு சக்கரங்களும் பிடித்த நிலையில் வண்டி புறப்படும். ஆகவே இடைவெளியைக் குளிர்ந்த உருளையில் மட்டுமே அமைக்க வேண்டும் என்பது இவ்வேலையில் விலக்கில்லாத விதியாகும். சூடான உருளையின்மேல் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தலும் கூடாது. வார்ப்பிரும்பு வெடிப்பு விடும்.

மாதிரி உந்துகளில்

நைட்ரோமீத்தேன் கலந்த மெத்தனால் எரிபொருளில் ஓடும் வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி உந்துகளிலும் இதே பழுது ஏற்படுகிறது. அங்கே காற்றுக்கு மாற்றாக சர்வோ எனும் சிறு மின்பொறி உள்ளது. ஒரே சர்வோ ஒரு பக்கம் திரும்பினால் கார்புரேட்டர் திறக்கும். மறுபக்கம் திரும்பினால் கம்பி ஒன்று நெம்புகோலை இழுத்து, சுழலும் தட்டை இரு பட்டைகளுக்கிடையே அழுத்தும். நடுநிலையில் இரண்டும் ஓய்வில் இருக்க வேண்டும். கம்பியில் உள்ள மரையை மிகையாக முறுக்குதல், கம்பி வளைதல், அனுப்பியின் நுண்திருத்தக் குமிழ் நடுவிலிருந்து விலகியிருத்தல், நெம்புகோல் அழுக்கினால் திரும்பாமை ஆகியவை பிடிப்பை உண்டாக்குகின்றன. சக்கரம் உரசுவதால் மெல்லோட்டத்தில் எஞ்சின் அணைந்துபோகும். அணையாவிடில் கிளட்ச் நழுவிச் சூடேறும். பலர் இதனைக் கார்புரேட்டர் பழுது எனக் கருதி ஊசியைத் திருப்பித் திருப்பிக் கெடுத்துவிடுகின்றனர்.

எஞ்சினை அணைத்து, முதலில் அனுப்பியையும் பின்னர் ஏற்பியையும் இயக்கி, நுண்திருத்தத்தை நடுவில் வைத்து, வண்டியைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். தடையிருப்பின் நிறுத்திக் கம்பியைச் சர்வோவிலிருந்து கழற்றி மீண்டும் தள்ளலாம். இப்போது தடையின்றி உருண்டால் பழுது கம்பியின் அளவில் உள்ளது. அப்போதும் உரசினால் தட்டிலும் பட்டையிலும் உள்ளது. கம்பியைத் திரும்ப மாட்டும்போது, கார்புரேட்டரின் மெல்லோட்டத் திறப்பை முதலில் அமைத்து, அதன்பின் நிறுத்தியின் மரையை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தளர்வு தெரியும்வரை விட வேண்டும். வரிசை மாறினால், கார்புரேட்டரைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் நிறுத்தியின் நிலையும் நகர்ந்துவிடும்.