அசரியா கேட்ட சிநேகம்

தாராவியிலே தமிழர் குடியேறிய சரித்திரத்தைச் சொல்ல வருகிறவர்கள், தோல் கிடங்குகளில் உப்பிட்ட தோலைப் புரட்டிப் பிழைக்க வந்த திருநெல்வேலிச் சீமை ஏழை ஜனங்களைப் பற்றிச் சொல்லுவார்கள். மாட்டுங்காவிலே கச்சேரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் கணக்கெழுத வந்து ஊன்றிவிட்ட உத்தியோகஸ்தர்களைப் பற்றியும், பிற்காலத்தில் செம்பூர்ப் பக்கம் பரவிய குடும்பங்களைப் பற்றியும் சொல்லுவார்கள். அந்தத் திருநெல்வேலி ஜனங்களில் கிறிஸ்தவர்களாய் இருந்தவர்கள் தகரப் பெட்டிக்குள் வேதபுஸ்தகத்தையும் பாட்டுப் புஸ்தகத்தையும் வைத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறியபோது, அவற்றோடு தங்கள் சபையின் நெடிய விருத்தாந்தம் ஒன்றையும் பிதிரார்ஜிதமாகக் கொண்டுவந்தார்கள் என்பதை யாரும் அதிகமாக எடுத்துச் சொல்லுவதில்லை. சத்தியத்தை மறைக்காமலும், கேட்கிறவன் மனம் முறியாமலும் பேசுவது எப்படி என்பதற்கு அந்த விருத்தாந்தத்தில் உள்ளதைப் போன்ற திருஷ்டாந்தம் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அதன் கசப்பான பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். 1841-ல் இடையன்குடிக்கு வந்து, அரை நூற்றாண்டு அந்தத் தேரிக்காட்டு மக்களுக்காகவே உழைத்து, 1891-ல் இறந்து, அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டவர் கால்டுவெல் என்ற மிஷனரி. அவருடைய தியாகத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆயினும் 1849-ல், தாம் போஷித்து வந்த அந்தச் சமூகத்தைப் பற்றியே அவர் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். தாம் மெய்யென்று நம்பியதையே எழுதினார். ஆனால் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களுக்காக எழுதவில்லை, கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் வாசிப்பதற்காக எழுதினார். அந்த மக்கள் ஆங்கிலம் கற்று அதை வாசித்தபோது, தங்களைப் பெற்ற பிள்ளைகளாகப் பாவித்தவர் தங்களை எவ்வளவு தாழ்வாக எடை போட்டிருந்தார் என்று கண்டு கொதித்தார்கள். சட்டாம்பிள்ளை என்று பேர்பெற்ற அருமைநாயகம் முதலானோரின் கண்டனங்கள் வருஷக்கணக்காய்த் தொடர்ந்தன. கடைசியில் கால்டுவெல் அந்நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது. அதற்குள் புண் ஆழமாகிவிட்டிருந்தது.

அந்தச் சமூகத்திலேதான், 1874-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில், ஊர்ச் சபையின் ஐயர் தாமஸ் வேதநாயகத்துக்குக் குமாரனாய் அசரியா பிறந்தார். வாலிபத்தில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் காரியதரிசியாய் ஊர் ஊராகச் சுற்றினார். அமெரிக்கரான ஷெர்வுட் எடியோடு, நிறபேதம் குறுக்கிடாத உயிர்ச்சிநேகம் அவருக்கு வாய்த்தது. 1902-ல் யாழ்ப்பாணத்துச் சபையாரின் ஊழிய உற்சாகத்தைக் கண்டு திரும்பி, மறுவருஷமே திருநெல்வேலியாரின் சொந்தக் காணிக்கையினால் நடக்கும் இந்திய மிஷனரி சங்கத்தை ஸ்தாபித்தார். அதன் ஊழியத்துக்கென்று 1909-ல் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்குப் போனார்.

1910-ஆம் வருஷம் ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனரி மகாநாடு கூடிற்று. வந்திருந்த பிரதிநிதிகள் ஏறக்குறைய 1,200 பேர். அவர்களில் ஆசியாக்காரர் இருபது பேர்கூட இல்லை. 20-ந் தேதி மாலை, அந்நிய ஊழியரும் சுதேச ஊழியரும் ஒத்துழைப்பதைப் பற்றிப் பேசும்படி, முப்பத்தைந்து வயதான அசரியாவை மேடைக்கு அழைத்தார்கள். மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் பேசும்படி அவரைத் தூண்டியவர் சென்னை அத்தியட்சர் வைட்ஹெட்.

அன்று அவர் பேசிய முறையைக் கவனியுங்கள். தாம் யாரைக் குற்றம் சாட்டப்போகிறாரோ அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கையிலேயே, அவர்கள் பாஷையிலேயே பேசினார். பத்து வருஷங்களாய்த் தாம் கண்ணாரக் கண்டதை மட்டும் சொன்னார்: ஐரோப்பிய மிஷனரிக்கும் இந்திய ஊழியனுக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது, மனம் விட்டுப் பேசும் பழக்கம் இல்லை, சம்பளம் கொடுக்கிறவன் வாங்குகிறவன் என்ற உறவுக்கு மேல் அது வளரவில்லை என்றார். விதிவிலக்கானவர்கள் உண்டு என்பதையும் மறவாமல் சொன்னார். கைகுலுக்குவதும், நாற்காலி போடுவதும், சாப்பாட்டுக்கு அழைப்பதும் ஆகிய உபசாரங்களையே நாங்கள் கேட்கிறோம் என்று எண்ணவேண்டாம். அவை சிநேகத்தின் அடையாளமாய் வருமானால் அவையும் வேண்டும், அவற்றுக்கு மேலானதும் வேண்டும் என்றார். பிறகு, இந்தியச் சபை என்றென்றைக்கும் அந்த மிஷனரிமாரின் வீரத்துக்கும் தியாகத்துக்கும் கடமைப்பட்டிருக்கும் என்று மனமார ஏற்றுக்கொண்டு, பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு அன்பைப் பற்றி எழுதிய அதிகாரத்தின் சாயலிலேயே, ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்குச் சிநேகிதரையும் தாருங்கள் என்று கேட்டு உட்கார்ந்தார்.

கேட்டிருந்தவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. தாட்சணியத்தோடு பேசினால் எவர்க்கும் நோகாது என்பது தப்பெண்ணம். சத்தியம் சத்தியமாய் இருக்கிறவரையில் அது சுடத்தான் செய்யும். ஆனால் அந்தச் சூட்டில் விரோதம் இல்லாததினாலே, அந்தப் பிரசங்கம் மகாநாட்டின் அறிக்கையில் அச்சேறி, இந்த நூற்றுச் சொச்சம் வருஷங்களாய்த் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டு வருகிறது. பேசினவருக்கும் கதவு அடைபடவில்லை: 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா ஆலயத்திலே அவர் டோர்னக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையில் அந்த ஸ்தானம் பெற்ற முதல் இந்தியர் ஆனார், 1945-ஆம் வருஷப் பிறப்பன்று இறக்கும் வரையில் அந்தப் பதவியிலேயே இருந்தார். கால்டுவெல் முதுகுக்குப் பின்னால் எழுதினார், அசரியா முகத்துக்கு நேரே பேசினார்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுவே என்பது என் முடிவு.

இதை நான் பழம்பெருமைக்காக எழுதவில்லை. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் நடுவே அசரியா கண்ட தூரம் நமக்குள்ளேயே இருக்கிறது. கோயிலிலே ஜாதிக்கு ஒரு பக்கமாய் உட்கார்ந்த காலம் தமிழ்ச் சபைகளுக்கு உண்டு. ஊரில் அசனப் பண்டிகையன்று பாய் விரித்து, பந்தியாய் உட்கார்ந்து, ஒரே அண்டாச் சோற்றை இலையில் வாங்கிச் சாப்பிடுகிறோம். மறுநாள் அவரவர் வீட்டு வாசல் அவரவர் ஜாதிக்கே திறக்கிறது. பம்பாயிலும் அப்படித்தான். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் ஒரு ரயில் பாதைதான் கிடக்கிறது; நடந்தே போய்விடலாம். அப்படியிருந்தும் தாராவிச் சந்தில் குடியிருக்கும் உபதேசியாரை, செம்பூரிலும் மாட்டுங்காவிலும் மாடிவீட்டில் குடியிருக்கும் நம்மவர் எத்தனை பேர் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறோம்?

சேகரக் கமிட்டியிலே இந்தக் குறையைச் சொல்லத் துணிகிறவர் ஒருவர் எழுந்தால், பெரியவர்கள் அவரை உட்காரச் சொல்லாமல், சொல்லி முடிக்கும் வரையில் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன். சொல்ல எழுகிறவரும் முதலில் அசரியாவின் அந்தப் பிரசங்கத்தை ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டு எழட்டும்.