வழக்கு முடிவதற்குள் தேர்தல்

இனத்தையோ நிறத்தையோ காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் 15-ஆம் திருத்தம் 1870-லேயே சொல்லிவிட்டது. குறை உரிமையில் இல்லை. அது பறிபோனால் நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியவர் பறிகொடுத்தவர்தான் என்பதில் இருந்தது. ஓக்லஹோமாவைப் பாருங்கள். 1866-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் எழுத்தறிவுத் தேர்வு கிடையாது என்று 1910-இல் அந்த மாநிலம் விதித்தது. 'கறுப்பர்' என்ற சொல்லே இல்லாத விதி, என்ன சாமர்த்தியம்! 1915-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது: 1914-இல் வாக்களித்தவர்கள் தாமாகவே பட்டியலில் இருப்பார்கள், மற்றவர்கள், சில விலக்குகள் நீங்கலாக, 12 நாட்களுக்குள் பதியாவிட்டால் ஆயுளுக்கும் வாக்கில்லை. இது ரத்தானது 1939-இல். இடையில் எத்தனை தேர்தல்கள்!

1957, 1960 சட்டங்கள் மத்திய அரசே வழக்குத் தொடுக்க வழிசெய்தன. ஆனாலும் அலபாமாவில் செல்மா நகரம் உள்ள டல்லஸ் கவுண்டியில் நான்காண்டு வழக்காடியும், வாக்களிக்கும் வயதுள்ள சுமார் 15,000 கறுப்பின மக்களில் 383 பேரே பதிவாகியிருந்தார்கள். 1965-இன் வாக்குரிமைச் சட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. பாகுபாட்டு வரலாறுள்ள பகுதிகள் தேர்தல் விதி எதையும் மாற்றுமுன் மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி பெற வேண்டியிருந்தது. தீங்கில்லை என்று நிரூபிப்பது அப்பகுதிகளின் பொறுப்பாக இருந்தது. தேர்வுகளை நிறுத்தி, பதிவு அலுவலர்களை நேரடியாக அனுப்பியதும் சேர்ந்து, மிசிசிப்பியில் கறுப்பினப் பதிவு 6.7 சதவீதத்திலிருந்து 1967-க்குள் ஏறத்தாழ 60-ஐத் தொட்டது.

மாநிலங்கள் சமமானவை, சிலவற்றை மட்டும் கைகட்டி நிற்கவைப்பது முறையா என்ற கேள்வி அன்றே எழுந்தது. 1966-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2013-இல், அலபாமாவின் ஷெல்பி கவுண்டி வழக்கில், ஏற்று முன் அனுமதியை முடக்கியது. எந்தப் பகுதிக்கு முன் அனுமதி தேவை என்பதை 1964, 1968, 1972 தேர்தல்களின் கணக்குதான் அப்போதும் தீர்மானித்துக்கொண்டிருந்தது. அது பழசு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. 2006-இல் செனட் 98-0 என்று சட்டத்தை நீட்டித்தபோதே கணக்கைப் புதுப்பித்திருக்கலாம். ஆனால் பாகுபாட்டை எதிர்த்து வழக்குத் தொடர அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவு இருக்கிறதே என்று நீதிமன்றம் தேற்றியதுதான் பொருந்தவில்லை. 1965-க்கு முன்பும் வழக்குத் தொடர முடிந்ததே. வட கரோலினா 2013-இலேயே முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களைக் குறைத்துச் சட்டம் போட்டது. கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்த சட்டம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் அதைத் தள்ளியபோது, 2014 தேர்தலில் வென்றவர்கள் பதவியில் இருந்தார்கள்.