லட்சுமி விலாஸ் வங்கியும் டிபிஎஸ் வங்கியும்

லட்சுமி விலாஸ் வங்கி, கொங்கு நாட்டின் கரூரில் 1926-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தனியார் வங்கியாகும். வி. எஸ். என். இராமலிங்கம் செட்டியார் தலைமையில் கரூர் வணிகர்கள் எழுவர் இதனை நிறுவினர். சுற்றுவட்டார வணிகர், உழவர், சிறுதொழில் செய்வோர் ஆகியோரின் பணத்தேவையை நிறைவு செய்வதே இதன் நோக்கம். 1958-இல் இது பட்டியலிடப்பட்ட வங்கியானது. 1961 முதல் 1965 வரை ஒன்பது சிறு வங்கிகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டு வளர்ந்தது.

வீழ்ச்சி

பிற்காலத்தில் பெருநிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் வாராக்கடன்களாயின. தொடர் இழப்பால் வங்கியின் மூலதனம் கரைந்தது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதன்மீது உடனடித் திருத்த நடவடிக்கை எடுத்தது. இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்துடன் இணையும் திட்டத்துக்கு அடுத்த மாதமே ஒப்புதல் மறுக்கப்பட்டது. 2020 நவம்பர் 17 அன்று, வாடிக்கையாளர் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்ற தடை வந்தது.

இணைப்பு

டிபிஎஸ், சிங்கப்பூரில் 1968-இல் தொடங்கப்பட்ட வங்கி. 2001-இல் ஹாங்காங்கின் தாவோ ஹெங் வங்கியை வாங்கியது. இந்தியாவில் 1994-இல் நுழைந்து, 2019-இல் இங்கேயே பதிவுபெற்ற துணை நிறுவனமானது. ஆயினும் கால் நூற்றாண்டில் அதற்கு இங்கு வாய்த்த கிளைகள் மிகச் சிலவே.

1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 45-ஆவது பிரிவின்படி, 2020 நவம்பர் 27 அன்று இணைப்பு நடைமுறைக்கு வந்தது. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் மூலதனம் இட்டது. கரூர் வங்கியின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் ஒரே நாளில் அதன் கைக்கு வந்தன.

விளைவு

சுமார் 20 இலட்சம் வைப்பாளர்களின் 20,000 கோடி ரூபாய் காப்பாற்றப்பட்டது; ஏறத்தாழ 4,000 ஊழியர்களின் வேலையும் தொடர்ந்தது. ஆனால் பங்கு மூலதனம் முழுவதும் நீக்கப்பட்டதால், பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அவர்களுள் சிலர் நீதிமன்றம் சென்றனர்.

வைப்பாளர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். பங்குதாரர் அதன் உரிமையாளர். வங்கி நொடித்தால் இழப்பு முதலில் உரிமையாளரையே சேரும். நம் ஊர் வங்கி என்ற நம்பிக்கையில் பங்கு வாங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு புரிந்தபோது, வாசலில் பெயர்ப்பலகை மாறியிருந்தது.