காற்றின் பதம்: வாகனக் குளிர்சாதனத்தின் சொல்லும் வரலாறும்

தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் இருக்கிறது வண்டூர். 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேயர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாயில் அது. ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளுக்கான படகுகள் காலையில் புறப்படுவதால் சுற்றுலாக் கார்களும் காலையிலேயே கிளம்பிவிடுகின்றன. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் அந்த நேரத்தில், ஏ.சி. போட்டு ஓடும் காரின் முன்கண்ணாடி திடீரென வெளுத்து மங்கும். ஓட்டுநர் கண்ணாடிப் படமும் வளைந்த அம்புக்குறிகளும் போட்ட பொத்தானை அழுத்துவார். பெரும்பாலும் மங்கல் அதிகமாகும்.

இதற்குக் காரணம் பொத்தானின் பழுதன்று, ஓட்டுநரின் அறியாமையும் அன்று. அந்தப் பொத்தான் வேறொரு வானிலைக்காக எண்ணப்பட்டது. அதை உள்ளடக்கிய இயந்திரத்தின் பெயரும் அதன் வேலையில் பாதியை மறைத்துவிட்டது. இரண்டும் நேர்ந்த விதத்தை அறிய நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இயற்பியல், சுருக்கமாக. வெப்பநிலை 27 டிகிரி செல்சியசும் ஈரப்பதம் 80 விழுக்காடுமாக இருந்தால் (அந்தமானில் இது மிகச் சாதாரணம்) பனிப்புள்ளி ஏறத்தாழ 23 டிகிரி. அதாவது 23 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள நீராவி துளிகளாகப் படியும். மே மாதத் தில்லியில் 42 டிகிரி வெப்பமும் 15 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நண்பகலில் பனிப்புள்ளி 10 டிகிரி அளவில்தான் நிற்கும். அங்கே காரை எவ்வளவு குளிர்வித்தாலும் கண்ணாடி மங்காது. வண்டூர்ச் சாலையில் காரின் உள்ளே 18 டிகிரிக்குக் குளிர்வித்தால் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்த்துவிடும், குளிர்ந்த மோர்ச் செம்பு வியர்ப்பதைப் போல.

இந்த வேறுபாடு இயந்திரங்களுக்கு முன்பே இந்தியாவின் குளிர்விப்பு முறைகளை இரண்டாகப் பிரித்திருந்தது. வடஇந்தியக் கோடையில் கஸ்கஸ் தட்டி கோலோச்சியது. நம் வெட்டிவேரைப் பின்னிச் சன்னலில் தொங்கவிட்டு நீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். (ஐரோப்பிய மொழிகளின் ‘வெட்டிவர்’ தமிழிலிருந்து போன சொல்.) நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்வேயின் முதல் வகுப்புப் பெட்டிகளிலும் இம்முறை முயன்று பார்க்கப்பட்டது. மேற்சொன்ன தில்லிக் காற்றை ஈரத்தட்டியின் வழியே செலுத்தினால் அது ஏறத்தாழ 22 டிகிரி வரை இறங்கக்கூடும். அதாவது 20 டிகிரி லாபம். அந்தமான் காற்றிலோ 3 டிகிரிகூடக் கிடைக்காது. ஏற்கெனவே நனைந்திருக்கும் காற்றில் நீர் எங்கே ஆவியாகும்? தட்டிக்கு நீர் ஊற்றுபவனும் பங்கா இழுப்பவனுமே அக்காலத்தின் ‘கட்டுப்பாட்டுக் கருவிகள்’ என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குளிரை வேண்டியவர் உள்ளே அமர்ந்திருந்தார். கயிறு வேறொருவர் கையில் இருந்தது.

கடற்கரை நகரங்களுக்கு இருந்த ஒரே நம்பகமான வழி பனிக்கட்டி. 1833இல் அமெரிக்கப் பனிக்கட்டி கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்தது. சென்னையில் அதைச் சேமிக்க 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. நூறாண்டு கழித்தும் இந்திய வாகனக் குளிர்விப்பு பனிக்கட்டியை விடவில்லை. பம்பாய்க்கும் பெஷாவருக்கும் இடையே ஓடிய பிரான்டியர் மெயிலில் 1934இல் சேர்க்கப்பட்ட குளிர்பெட்டிகளின் தரையடியில் பனிக்கட்டிப் பாளங்கள் அடுக்கப்பட்டன. மின்விசிறி காற்றை அவற்றின் மீது செலுத்தி உள்ளே அனுப்பியது. உருகிய பாளங்களுக்கு ஈடாக வழியிலுள்ள நிலையங்களில் புதியவை ஏற்றப்பட்டன. பனிக்கட்டி காற்றைக் குளிர்விப்பதோடு அதன் ஈரத்தையும் தன்மேல் படியவைத்துக் குறைக்கும். அன்று அதை யாரும் தனிப்பயனாகக் கருதியதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாக, ஏ.சி. இயந்திரம் பிறந்ததே ஈரத்துக்காகத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட்–வில்ஹெல்ம்ஸ் அச்சகத்துக்கு ஒரு சிக்கல். கோடை ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால் ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாகப் பொருந்தவில்லை. பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தின் இளம் பொறியாளர் வில்லிஸ் காரியர், குளிர்நீர்க் குழாய்ச் சுருள்களின் மீது காற்றைச் செலுத்தி, ஈரத்தைப் படியவைத்து, அச்சுக்கூடத்தின் ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிறுத்த ஓர் அமைப்பை வரைந்தார். வரைபடத்தின் தேதி 1902 ஜூலை 17. காகிதத்துக்காகச் செய்யப்பட்டது அது. உள்ளே வேலை செய்தவர்களுக்குக் கிடைத்த குளிர்ச்சி தற்செயல். 1906 ஜனவரியில் அவர் பெற்ற காப்புரிமையின் தலைப்பும் ‘காற்றைப் பக்குவம் செய்யும் கருவி’ என்றே பொருள்படும். குளிர் என்ற சொல் அதில் இல்லை.

‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரைத் தந்தவர் காரியர் அல்லர். வட கரோலினாவின் பஞ்சாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர் அதே 1906இல் அதைப் பயன்படுத்தினார். அவருக்கு வேண்டியிருந்தது காரியர் தேடியதற்கு எதிரானது. உலர்ந்த காற்றில் நூல் அறுந்துபோவதால் ஆலைக்குள் ஈரத்தைக் கூட்ட விரும்பினார். நூலை ஈரமூட்டிப் பக்குவப்படுத்துவதை நெசவுத் தொழிலில் ‘கண்டிஷனிங்’ என்பது வழக்கம். அவர் அதைக் காற்றுக்கு நீட்டினார். ஆக, ஒருவர் ஈரத்தை எடுத்தார், மற்றவர் ஈரத்தைச் சேர்த்தார். இருவருக்கும் பொதுவானது குளிர் அன்று, பதம்.

தமிழில் இதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமைந்திருக்க முடியாது. பாகு பதம், மண்ணின் பதம், சோற்றுப் பதம், ஈரப்பதம். ஒரு பொருள் தன் வேலைக்குத் தக்க நிலையில் இருப்பதையும் அந்நிலைக்கு வேண்டிய நீர்மையையும் ஒருசேரச் சுட்டுவது ‘பதம்’. குழித்தறியில் அமரும் நெசவாளர், தரையின் ஈரம் பாவுநூலுக்குப் பதம் தருவதை எந்தப் பொறியாளரும் சொல்லாமலே அறிவார். 1888இல் ஸ்டேன்ஸ் ஆலையுடன் தொடங்கிய கோவையின் நூற்பாலை உலகிலும் ஈரமூட்டும் அமைப்பு இன்றியமையாத உறுப்பாகவே வளர்ந்தது. கலைச்சொல்லாக்கத்தில் ‘காற்றுப்பதனம்’ என்ற ஆக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் வழக்கில் வென்றவை ‘குளிர்சாதனம்’, ‘குளிரூட்டி’, ‘குளிரூட்டப்பட்ட பேருந்து’ ஆகியவை. பயனரின் தோலுக்கு முதலில் தெரிவது குளிர் என்பதால் இந்த வெற்றி இயல்பானதே. அதற்கு ஈடாக நாம் இழந்தது, கருவி வேறு என்ன செய்கிறது என்ற நினைவு.

வாகனத்துக்குள் கருவி நுழைந்த கதையில் சூடு முந்தியது. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938இல் வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே செலுத்தும் அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் ‘பதப்படுத்திய காற்று’ என்றே பொருள்பட்டது. நோக்கம் பனிக்காலப் பயணம். 1939இல் பாக்கார்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரிக்கெனக் குளிர்விப்பானை அறிவித்தது. விலை 274 டாலர். குளிர்ச்சுருள் பின்புற டிக்கியில் இருந்தது. கம்ப்ரசரை விலக்கிவைக்கும் கிளட்ச் இல்லை. குளிர் வேண்டாமென்றால் இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பயணி தொடக்கூடியது விசிறியின் விசை மட்டுமே. சந்தை அதைக் கைவிட்டதில் வியப்பில்லை.

கட்டுப்பாடுகளின் வரலாற்றில் உண்மையான திருப்பம் 1954. நாஷ் தன் அம்பாசடர் காரில் சூட்டையும் குளிரையும் ஒரே அமைப்பாக்கி, எல்லாவற்றையும் முன்புறத்தில் அடக்கி, விசைகளை டேஷ்போர்டில் வைத்தது. (சில ஆண்டுகளில் உத்தரபாராவில் உருவான இந்துஸ்தான் அம்பாசடருக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. நம் அம்பாசடர் நெடுங்காலம் நம்பியிருந்தது முன்கதவின் முக்கோணச் சன்னலை.) இன்றைய கார்களின் அடிப்படை அந்த ஒருங்கிணைப்பே. காற்று முதலில் குளிர்ச்சுருளைக் கடந்து ஈரத்தை இழக்கிறது. பிறகு, இன்ஜினின் வெந்நீர் ஓடும் சூட்டுச்சுருளை வேண்டிய அளவு கடந்து மிதமாகிறது. குமிழை நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்புவது பெரும்பாலான கார்களில் குளிர் இயந்திரத்தை அணைப்பதில்லை, இரண்டாம் சுருளின் பங்கைக் கூட்டுகிறது. சிவப்புப் பக்கத்தில் ஏ.சி.யும் ஓடினால் கிடைப்பது வெதுவெதுப்பான உலர்காற்று, அதாவது காரியரின் அச்சுக்கூடக் காற்று. வெப்பநாட்டு ஓட்டுநர்கள் பலர் அந்தச் சிவப்பை ஆண்டுக்கணக்கில் தொடுவதே இல்லை.

பொத்தான்களின் குறியீடுகளோ குளிர்நாட்டுச் சட்டங்களோடு வளர்ந்தவை. அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த முதல் வாகனப் பாதுகாப்பு விதிகளில் 101ஆம் விதி கட்டுப்பாடுகளின் இடத்தையும் அடையாளத்தையும் பற்றியது. 103ஆம் விதி முன்கண்ணாடியின் உறைபனியையும் மங்கலையும் நீக்குவது பற்றியது. ஐரோப்பியச் சமூகம் 1977 டிசம்பரில் இதே பொருளில் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. இவற்றின் சோதனைக் காட்சி ஒன்றுதான்: வெளியே உறைகுளிர், உள்ளே மூச்சுவிடும் மனிதர், ஆகவே கண்ணாடியின் உட்புறத்தில் மங்கல். அந்தக் காட்சிக்குத் தீர்வு கண்ணாடியின் உட்புறத்தில் உலர்ந்த சூடான காற்றை வீசுவது. குறியீட்டிலுள்ள வளைந்த அம்புகள் காட்டுவது அதையே. மங்கல் கண்ணாடியின் எந்தப் பக்கத்தில் என்று அந்தப் படம் கேட்பதில்லை, கேட்க வேண்டிய தேவை அதை வரைந்தவர்களுக்கு எழவில்லை.

வண்டூர்ச் சாலையின் காலை மங்கல் வெளிப்புறத்தது. குமிழ் நீலத்தில் இருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தினால் குளிர்காற்று கண்ணாடியை மேலும் குளிர்விக்கும், வெளியே மேலும் நீர் படியும். செய்ய வேண்டியது எளிது: வைப்பரை ஓடவிட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, வெப்பநிலையைச் சற்று உயர்த்துவது. பிற்பகலில் நிலைமை தலைகீழாகிறது. கடலில் குளித்துத் திரும்பும் பயணிகள் நனைந்த உடையோடு ஏறுகிறார்கள். வெளியே மழை, உட்காற்றையே சுழற்றும் பொத்தான் காலையிலிருந்து அழுத்தியபடியே இருக்கிறது. இப்போது மங்கல் உட்புறத்தில். இங்கே அந்தப் படப்பொத்தான் சரியான விடை. வெளிக்காற்றைத் திறந்துவிட்டு, ஏ.சி.யை நிறுத்தாமல், குமிழைச் சற்றுச் சிவப்புப் பக்கம் நகர்த்தினால் கண்ணாடி விரைவில் தெளியும். உட்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

மொழி இங்கே குறுக்கிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. அங்கும் சென்னையிலும் பயணி சொல்வது ஒன்றே: ‘ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டுங்க.’ ஓட்டுநர் திரையிலுள்ள எண்ணைக் குறைப்பார். ‘குறைங்க’ என்றால் எண் கூடும். யாரும் குழம்புவதில்லை. கூட்டப்படுவது வெப்பநிலை அன்று, குளிர் என்பதில் இருவருக்கும் உடன்பாடு. திருப்பத் திருப்பக் குளிர் மிகும் பழைய குமிழின் இலக்கணம், எண்திரை வந்த பிறகும் வினைச்சொல்லில் தங்கிவிட்டது. அந்த இலக்கணத்தில் ஏ.சி.க்கு ஒரே அச்சுதான்: கூடுதல், குறைதல். ‘ஏ.சி. ஓடட்டும், ஆனால் குளிர வேண்டாம், காற்று உலர்ந்தால் போதும்’ என்று சொல்ல வேண்டுமானால் ஒரு முழு வாக்கியம் தேவைப்படுகிறது. மழை பெய்து குளிரும்போது பயணி ‘ஏ.சி.யை நிறுத்துங்க’ என்கிறார். குளிர்சாதனத்தைக் குளிரில் நிறுத்துவது அந்தச் சொல்லின்படி முற்றிலும் நியாயம். அடுத்த சில நிமிடங்களில் ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மறுகையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இவ்வரலாற்றின் அண்மைக் கட்டம் லாரிகளைப் பற்றியது. 2023 டிசம்பரில் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். ரயில் பயணிக்கு 1934இல் கிடைத்தது லாரி ஓட்டுநருக்கு உரிமையாக வர 91 ஆண்டுகள் ஆயின. பொதுவெளியில் இது வெயில், களைப்பு என்ற சொற்களாலேயே பேசப்பட்டது, அது சரியும்கூட. ஆனால் அடைமழை இரவில் மலைப்பாதையில் இறங்கும் லாரிக்கு உலர்காற்று என்பது பார்வை. சன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் மங்கல் என்ற நிலையில் கண்ணாடியில் புகையிலைத் தூளைத் தேய்ப்பது பழைய ஓட்டுநர்களிடையே வழங்கிய கைவைத்தியம். அக்டோபர் 1க்கு முன் தயாரான லாரிகளை இந்த ஆணை கட்டுப்படுத்தாது. அவை இன்னும் பல ஆண்டுகள் ஓடும், ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பழந்துணியோடு.