பாத்திரம் தேய்க்கிற மெஷினும் ஒரு ஏரியும்

ஊர்லேர்ந்து அம்மா வந்திருந்தாங்க. முதல் நாள் காலையில காபிக்குக் கண்ணாடி டம்ளரை எடுத்தவங்க, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "என்னடா தம்பி, டம்ளரெல்லாம் விபூதி பூசிட்டு நிக்குது?"ன்னு கேட்டாங்க. தங்கமணி என்னைப் பார்த்தாங்க. நான் டிஷ்வாஷரைப் பார்த்தேன்.

நாங்க இருக்கிறது ஓஹையோவுல ஒரு வாடகை அபார்ட்மெண்ட். மெஷினும் வீட்டோட வந்ததுதான். கதவோட உள்பக்க ஸ்டிக்கர்ல 2003-ன்னு போட்டிருக்கு. ஆபீஸ்ல சொன்னதும் ஒருத்தர் வந்தார், பட்டனை அமுக்கினார், சத்தம் கேட்டுச்சு, "ஓடுதே"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். ஓடுறது வேற, தேய்க்கிறது வேற இல்லையா? அம்மா அன்னைக்கே மெஷினை ஒதுக்கிட்டு, சிங்க்குல நின்னு கையால தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க. முட்டி வலின்னு டாக்டர்கிட்ட காட்டத்தான் அவங்க வந்ததே. அதான் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ஆணி புடுங்குற கம்பெனியில நாலு வருஷமா பக் தேடுறவன், வீட்டு பக்கைத் தேடக் கூடாதா?

முதல்ல ஒரு டெஸ்ட். மங்கலான டம்ளரை அஞ்சு நிமிஷம் வினிகர்ல ஊற வெச்சேன். வெள்ளை போச்சுன்னா அது தண்ணியில இருக்குற சுண்ணாம்பு. போகலைன்னா கண்ணாடியே அரிச்சுப் போச்சுன்னு அர்த்தம், அதுக்கு மருந்து கிடையாது. நல்லவேளை, போயிடுச்சு. அப்போ மெஷின் கெட்டுப் போகல. சோப்பு சுண்ணாம்பைப் பிடிக்க மாட்டேங்குது. ஏன்னு தேடப் போய்தான் ஒரு பெரிய வரலாற்றுக்குள்ள விழுந்தேன். கொஞ்சம் பொறுமையா வாங்க, கொசுவத்தி சுத்துறேன் :-)

இந்த மெஷினுக்கு அம்மான்னா அது ஜோசஃபின் காக்ரேன். அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலத்துல ஷெல்பிவில்னு ஒரு சின்ன ஊர். அடிக்கடி விருந்து நடக்கிற வசதியான வீடு. பாத்திரம் தேய்க்க வேலைக்காரங்க உண்டு. ஆனா அவங்க தேய்க்கிறப்போ பரம்பரைப் பீங்கான் தட்டெல்லாம் ஓரம் உடைஞ்சு போகுதுன்னு அம்மணிக்குக் கவலை. ஆக, இந்த மெஷின் பிறந்தது வேலைக்காரம்மாவோட இடுப்பு வலியை நினைச்சு இல்ல, தட்டோட விளிம்பை நினைச்சு! நம்ம ஊர் வீடுகளை நினைச்சுக்கிட்டேன், பெருசா வித்தியாசம் இல்ல.

1883-ல புருஷன் இறந்துட்டார். மிச்சம் வெச்சுட்டுப் போனது பெரும்பாலும் கடன். அதுவரைக்கும் ஆசையா இருந்தது இப்ப பொழைப்பாயிடுச்சு. ஜார்ஜ் பட்டர்ஸ்ங்கிற மெக்கானிக்கோட உதவியில மெஷினைக் கட்டினாங்க. 1886 டிசம்பர் 28-ல பேடண்ட் கிடைச்சது. இதுக்கு முன்னாடியே 1850-ல ஜோயல் ஹௌட்டன்னு ஒருத்தர் கையால சுத்துற மர மெஷினுக்கு பேடண்ட் வாங்கியிருந்தார், ஆனா அது உருப்படியா தேய்க்கல. அம்மணி பண்ணின முக்கியமான வேலை, தட்டு, கப், சாஸர் எல்லாத்தையும் அளந்து, ஒவ்வொண்ணுக்கும் கம்பியில தனித்தனி அறை செஞ்சதுதான். தேய்க்கிறதை நாரும் பிரஷ்ஷும் செய்யல, பீச்சி அடிக்கிற சுடு சோப்புத்தண்ணி செஞ்சது. இன்னைக்கு என் மெஷின்லயும் அதே தத்துவம்தான்.

விக்கிறதும் அவங்களேதான். அந்தக் காலத்துல பெரிய ஹோட்டல் லாபியில ஒரு பொண்ணு துணையில்லாம நடந்து போறதே வழக்கமில்ல. சிகாகோவுல ஒரு ஹோட்டல் லாபியைத் தனியா கடந்ததுதான் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம்னு பின்னாடி சொல்லியிருக்காங்க. ஆர்டரோடதான் திரும்பினாங்க. 1893-ல சிகாகோ உலகக் கண்காட்சியில அங்க இருந்த உணவகங்கள்ல இவங்க மெஷின் ஓடிச்சு, பரிசும் வாங்கிச்சு. ஆனா வீடுகள்ல விக்கல. அவ்வளவு சுடுதண்ணி அன்னைக்கு வீட்டுக் கொதிகலன்ல கிடையாது. 1913-ல அவங்க இறந்துட்டாங்க. கம்பெனி பின்னாடி ஹோபார்ட் கைக்குப் போய், 1949-ல கிச்சன்எய்ட் பேர்ல வீட்டு மெஷினா வந்துச்சு.

இப்ப கதையோட ரெண்டாவது பாதி, சோப்பு. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த சோப்புத்தூள்ல சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட்னு ஒரு சரக்கு இருந்துச்சு. தண்ணியில இருக்குற கால்சியம், மக்னீசியத்தைக் கட்டிப் பிடிச்சுக்கும், அழுக்கைத் திரும்ப ஒட்ட விடாது. மலிவு, பிரமாதமான வேலைக்காரன். அதே பாஸ்பேட் சாக்கடை வழியா ஏரிக்குப் போனா பாசிக்கு உரம். பாசி செத்து அழுகுறப்போ தண்ணியில இருக்குற ஆக்ஸிஜன் போயிடும், மீன் சாகும். 1960-கள்ல எங்க ஓஹையோவுக்கு வடக்கே இருக்குற ஈரி ஏரியை "செத்த ஏரி"ன்னே பத்திரிகைகள் எழுதிச்சு.

சோப்புக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? பாசிக்குக் காரணம் கார்பன்தான்னு ஒரு வாதம் ஓடுச்சு. அதை உடைச்சவர் டேவிட் ஷிண்ட்லர். 1973-ல கனடாவுல 226-ன்னு நம்பர் போட்ட ஒரு ஏரி, ரெண்டு குளம் நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கி இருக்கும். அந்த இடுப்புல பிளாஸ்டிக் திரை போட்டு ரெண்டாப் பிரிச்சாங்க. ரெண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டாங்க. ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பசேல்னு ஆயிடுச்சு. மேலேர்ந்து எடுத்த போட்டோ ஒண்ணே போதும், படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். இதைவிட அழகா ஒரு ஏ/பி டெஸ்ட் நான் பார்த்ததில்ல.

துணி சோப்புலேர்ந்து பாஸ்பேட் 1990-களின் நடுவுக்குள்ள அமெரிக்காவுல போயிடுச்சு. பாத்திர மெஷின் சோப்புக்கு மட்டும் விலக்கு. கடைசியில வாஷிங்டன் மாநிலத்துல ஸ்போக்கேன் கவுண்டி 2008-ல தடை போட்டுச்சு. மக்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? பக்கத்து ஐடஹோவுக்குக் காரை ஓட்டிட்டுப் போய் பழைய சோப்பை வாங்கிட்டு வந்தாங்க! சோப்புக் கடத்தல்! 2010 ஜூலையில ஓஹையோ உட்பட 16 மாநிலங்கள்ல பாஸ்பரஸ் 0.5%-க்கு மேல கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துலயும் 2017-லேர்ந்து கட்டுப்பாடு.

ஆக, என் 2003 மெஷின் பாஸ்பேட் இருக்குங்கிற நம்பிக்கையில டிசைன் பண்ணது. கோட் அப்படியே இருக்கு, கீழ இருக்குற லைப்ரரியை மாத்திட்டாங்க. குத்தம் மெஷின் மேல இல்ல.

அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "சரி, ஏரி நல்லாயிடுச்சா?"ன்னு ஒரே கேள்வி கேட்டாங்க. அங்கதான் மாட்டிக்கிட்டேன். 1980-கள்ல தேறிச்சு. அப்புறம் வயல்லேர்ந்து வர்ற உரத்தால பாசி திரும்ப வந்துச்சு. 2014 ஆகஸ்ட்ல டொலிடோ ஊர்ல குழாய்த் தண்ணியில பாசி நஞ்சு கலந்து, சுமார் 5 லட்சம் பேர் ரெண்டு மூணு நாள் அந்தத் தண்ணியைக் குடிக்க முடியாமப் போச்சு. கொதிக்க வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, நஞ்சு இன்னும் செறிவாகும். நம்ம டம்ளர் சோப்பு அதுல சின்னப் பங்குதான். உண்மை. ஆனா சின்னப் பங்குன்னு எல்லாரும் சொன்னதாலதான் ஏரி அப்படி ஆச்சு.

மெஷின் என்னாச்சுன்னு கேக்குறீங்களா? சுத்துற கையைக் கழட்டினா, ஓட்டைகள்ல கடுகு! அடி சல்லடையில ஒரு முருங்கைக்காய்ச் சக்கை. ஊசியால குத்தி எடுத்தேன். சிட்ரிக் ஆசிட் போட்டு ஒரு தடவை காலியா ஓட்டினேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சிங்க் குழாயில சுடுதண்ணி வர்ற வரைக்கும் திறந்து விடுறேன், இல்லேன்னா குழாயில தேங்கின பச்சத்தண்ணிதான் மெஷினுக்குள்ள முதல்ல போகும். புது சோப்புல இருக்குற என்சைமுக்கு சூடும் நேரமும் வேணும், அதனால குறுகிய சைக்கிளை விட்டுட்டேன். ரின்ஸ் எய்டும் ஊத்துறேன்.

டம்ளர் பளிச். அம்மா மறுபடி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. "பரவால்ல"ன்னாங்க. அப்புறம் அதைத் திரும்ப ஒரு தடவை கழுவிட்டுத்தான் காபி ஊத்தினாங்க.

அந்த பக்கை மட்டும் என்னால சரி பண்ண முடியல :-)