முகப்பு விளக்கு வளர்ந்த வரலாறு

மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்கென்று ஒரு விளக்குப் பிறக்கவில்லை. ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் தமது முச்சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்ற 1886 ஆம் ஆண்டில், அந்நாட்டு வீதிகளில் இரவிற் சென்றவை குதிரை வண்டிகளே. அவற்றின் இருமருங்கும் எரிந்த மெழுகுதிரி விளக்குகளும் மண்ணெண்ணெய் விளக்குகளும், வண்டி வருகிறது என்பதைப் பிறருக்கு அறிவித்தன. வழியைக் காட்டும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. வழி பார்க்கும் பொறுப்பிற் பெரும்பங்கு குதிரையிடமே இருந்தது. பள்ளத்தைக் கண்டால் அது தயங்கும். ஆளைக் கண்டால் விலகும். குதிரையை அகற்றி அதனிடத்தில் எந்திரத்தை வைத்த மனிதனுக்கு, இழுக்கும் வலுவோடு இருளிற் பார்க்கும் இரண்டு கண்களையும் தான் இழந்துவிட்டமை விளங்கச் சில ஆண்டுகள் சென்றன.

அக்கண்களைத் திரும்பப் பெற அவன் செய்த முயற்சியே முகப்பு விளக்கின் வரலாறாகும். அவ்வரலாறு முழுவதிலும் இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று மோதுவதைக் காணலாம். வண்டியைச் செலுத்துபவருக்கு நெடுந்தூரம் தெரிய வேண்டும் என்பது ஒன்று. எதிரே வருபவரின் கண் மயங்காதிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. தமது வண்டியின் பழைய மின்குமிழைக் கழற்றிப் புதியதொன்றைப் பூட்ட எண்ணும் ஒருவர், தாம் அறிந்தோ அறியாமலோ, இந்தப் பழைய வழக்கிலே தீர்ப்புக் கூறுகின்றார்.

மண்ணெண்ணெய்ச் சுடர் மோட்டாரின் வேகத்துக்குப் போதவில்லை. அதன் பின் வந்தது அசெற்றிலீன் வாயு விளக்கு. கல்சியம் காபைட்டு என்னும் கல்லின் மேல் நீர் துளித்துளியாக விழும்போது வாயு பிறக்கும். அவ்வாயு எரியுங்கால் வெண்மையான, வலிய ஒளி உண்டாகும். காற்றையும் மழையையும் அச்சுடர் ஓரளவு தாங்கியது. ஆயின் மாலையானதும் சாரதி இறங்கிக் கலத்தில் நீர் ஊற்றி, குழாயைத் திறந்து, தீக்குச்சி கிழித்து, ஒவ்வொரு விளக்காக ஏற்றவேண்டியிருந்தது. இத்தொல்லையைக் குறைக்க அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் கார்ல் பிஷர், ஜேம்ஸ் அலிசன் என்போர் 1904 ஆம் ஆண்டில் ஒரு தொழிலைத் தொடங்கி, வாயுவை உருளைகளில் அடைத்து விற்றனர். அவர்கள் பெருஞ்செல்வம் ஈட்டினர். ஆனால் அடைக்கப்பட்ட அசெற்றிலீன் எளிதில் வெடிக்கும் இயல்பினது. உருளைகளை நிரப்பும் சாலைகளில் வெடி விபத்துகள் நேர்ந்தன.

மின்சார விளக்கு அப்போது அறியப்படாத பொருளன்று. அமெரிக்காவில் 1898 ஆம் ஆண்டிலேயே ஒரு மின்சார வண்டிக்கு மின்சார முகப்பு விளக்கு வழங்கப்பட்டது. எனினும் அக்காலத்து மின்குமிழின் இழை கரியாலானது. கரடுமுரடான வீதியின் அதிர்ச்சியில் விரைவில் அறுந்துபோகும். மின்சாரத்தைப் பிறப்பிக்கும் சிறிய, உறுதியான பொறியும் வண்டிகளில் இருக்கவில்லை. இவ்விரு தடைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நீங்கின. தங்குதன் என்னும் உலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையை வில்லியம் கூலிட்ஜ் என்பவர் 1910 ஆம் ஆண்டளவில் நிறைவேற்றினார். குமிழினுள்ளே மந்த வாயுவை நிரப்பினால் இழையை மேலும் வெப்பமாக எரிக்கலாம் என்பதை 1913 ஆம் ஆண்டில் இர்விங் லாங்மியூர் காட்டினார். இதற்கிடையில் சாள்ஸ் கெற்றரிங் அமைத்த மின்சாரத் தொடக்கியும், மின்பிறப்பாக்கியும், பற்றரியும் 1912 ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டிகளில் ஒருங்கே இடம்பெற்றன. சாரதி இருக்கையை விட்டு எழாமலே விளக்கேற்றும் காலம் வந்தது.

ஒளி பெருகியதும் புதிய துன்பம் ஒன்று எழுந்தது. எதிரெதிராக வரும் இரு வண்டிகளின் சாரதிகள் இருவரும் பார்வையிழந்தனர். வலிய ஒளி கண்ணில் விழுந்தால் கண்மணி சுருங்கும். ஒளி கடந்த பின்னரும் இருளுக்குக் கண் பழகச் சில வினாடிகள் செல்லும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒவ்வொரு வினாடியும் 22 மீற்றர் தூரம் ஓடுகின்றது. மூன்று வினாடி பார்வை மங்கினால் 66 மீற்றர் தூரம் குருட்டு ஓட்டமாகும். அந்த இடைவெளியில் வீதியோரமாக நடந்து செல்லும் ஒரு மனிதர் இருக்கலாம்.

எனவே ஒளியைத் தாழ்த்தும் வழிகளை மக்கள் தேடினர். தொடக்கத்தில் சாரதி ஒரு நெம்பை இழுத்து விளக்கின் ஒளியைச் சாய்த்தார். 1920களின் நடுப்பகுதியில் ஜேர்மனியிலிருந்து ஒரு நுட்பமான தீர்வு வந்தது: ஒரே குமிழினுள் இரண்டு இழைகள். விளக்கின் பின்புறத்திலுள்ள குழிவாடியின் குவியத்தில் ஓரிழை எரியும்போது ஒளி நேரே நெடுந்தூரம் செல்லும். மற்ற இழை குவியத்துக்குச் சற்று முன்னால் நிற்கும். அதன் கீழே ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருந்து, ஆடியின் கீழ்ப்பாதிக்கு ஒளி செல்லாதவாறு தடுக்கும். மேற்பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கித் தெறித்து வீதியில் விழும். உயர் ஒளி, தாழ் ஒளி என்னும் பிரிவு இவ்வாறு ஒரு குமிழுக்குள் அடங்கியது.

இங்கு ஒரு செய்தியை மனத்திற் பதித்தல் வேண்டும். முகப்பு விளக்கின் திறன் குமிழின் வலுவில் மட்டும் தங்கியதன்று; இழை நிற்கும் இடத்தில் தங்கியுள்ளது. இழை ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் வீதியில் விழும் ஒளியின் வடிவம் மாறிவிடும். குமிழும் ஆடியும் ஒன்றுக்கென மற்றொன்று செய்யப்பட்ட இணைகளாகும்.

இவ்வுண்மையை உணர்ந்த நாடுகள் வெவ்வேறு வழிகளிற் சென்றன. அமெரிக்கா 1940 ஆம் ஆண்டில், ஆடி, இழை, முகக்கண்ணாடி ஆகிய மூன்றையும் ஒரே உடலாக மூடி முத்திரையிட்ட விளக்கை ஏற்றுக்கொண்டது. அதன் விட்டம் 7 அங்குலம். தூசியும் ஈரமும் ஆடியை அணுகமாட்டா. பழுதானால் முழு விளக்கையும் மாற்றினாற் போதும். அம்முறை நீண்டகாலம் நிலைத்தது. குமிழை மட்டும் மாற்றக்கூடிய விளக்குகளுக்கு அங்கு 1983 ஆம் ஆண்டிலேயே மீண்டும் இடம் கிடைத்தது. பிரான்சோ 1930களின் பிற்பகுதியில் மஞ்சள் ஒளியைச் சட்டமாக்கியது. மஞ்சள் ஒளி கண்ணைக் குறைவாகக் கூசச் செய்யும் என்பது நம்பிக்கை. ஆனால் மஞ்சட் கண்ணாடி ஒளியின் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும். 1993 ஆம் ஆண்டு தொடக்கம் பிரான்சின் புதிய வண்டிகளுக்கும் வெள்ளொளி வந்தது.

ஐரோப்பாவின் ஏனைய பகுதிகளில் 1957 ஆம் ஆண்டளவில் தோன்றிய முறையே பின்னர் உலகின் பெரும்பகுதிக்கு வழிகாட்டியது. தாழ் ஒளியின் மேல்விளிம்பு எதிர்வரும் வண்டியின் பக்கத்தில் தாழ்ந்தும், வீதியோரத்தின் பக்கத்தில் சற்று உயர்ந்தும் அமைந்தது. எதிரே வருபவரின் கண்ணும் காக்கப்பட்டது. ஓரத்தில் நடப்பவரும் முன்னதாகவே தெரிந்தார். இடப்புறமாகச் செல்லும் இலங்கை, பிரித்தானியா, யப்பான் போன்ற நாடுகளில் இவ்விளிம்பு இடப்பக்கத்தில் உயர வேண்டும். வலப்புறமாகச் செல்லும் நாட்டுக்கெனச் செய்த விளக்கை இங்கு பூட்டினால், அதன் உயர்ந்த பகுதி எதிரே வருபவரின் கண்ணை நேராகத் தாக்கும். விளக்கை வாங்குபவர் முதலிற் பார்க்கவேண்டியது இதுவே.

அடுத்த பெரும் மாற்றம் ஹலோஜன் குமிழாகும். சாதாரணக் குமிழில் சூடேறிய தங்குதன் ஆவியாகிக் கண்ணாடியிற் கருமையாகப் படியும். நாளடைவில் ஒளி மங்கும். குமிழினுள் அயடீன் அல்லது புரோமீன் சிறிதளவு இருந்தால், ஆவியான தங்குதன் அதனுடன் சேர்ந்து மீண்டும் இழையிடமே திரும்பும். இதற்குக் குமிழின் சுவர் மிகுந்த வெப்பத்திலிருக்க வேண்டுமாதலால், அது சிறிதாகவும் குவாட்சினாலும் செய்யப்படும். 1959 ஆம் ஆண்டில் இதற்குரிய காப்புரிமை வழங்கப்பட்டது. 1962 இல் ஐரோப்பிய வண்டிகளுக்கு ஓரிழை கொண்ட எச் 1 குமிழும், 1971 இல் ஈரிழை கொண்ட எச் 4 குமிழும் வந்தன. எச் 4 குமிழின் உயர் ஒளி ஏறத்தாழ 1650 லூமென். தாழ் ஒளி ஏறத்தாழ 1000 லூமென். இலங்கையர் அன்போடு போற்றும் மொறிஸ் மைனர் வண்டியின் 7 அங்குல வட்ட விளக்குக்கும் எச் 4 பூட்டத்தக்க ஆடிகள் அதே அளவில் உண்டு. 1991 இல் செனன் வாயு விளக்கும், இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எல்.ஈ.டி. விளக்கும் முகப்புக்கு வந்தன. 35 வாற்றுச் செனன் விளக்கு ஏறத்தாழ 3200 லூமென் ஒளி தந்தது.

இவ்வரலாற்றைக் கொண்டு கடைகளில் அடுக்கியிருக்கும் குமிழ்களை ஆராயலாம். நீலப்பூச்சுப் பூசிய குமிழ் செனன் விளக்கைப் போன்று தோன்றும். ஆனால் அப்பூச்சு, மஞ்சட் கண்ணாடி செய்ததைப் போலவே, இழை தரும் ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகின்றது. நீலம் கலந்த ஒளி எதிர்வருபவரின் கண்ணை மேலும் கூசச் செய்யும். 55 வாற்றுக்கு அமைந்த விளக்கில் 100 வாற்றுக் குமிழைப் பூட்டினால் ஆடி கருகும். கம்பிகள் உருகவும் கூடும்.

நூற்றுக்கு நூறு பங்கு கூடிய ஒளி என்று விளம்பரம் பெறும் குமிழ்கள் வேறு வகையின. அவற்றின் இழை நெருக்கமாகச் சுற்றப்பட்டு, கூடிய வெப்பத்தில் எரிவது. பயன் உண்டு; ஆனால் அந்தக் கணக்கு வீதியின் குறித்த சில இடங்களுக்கே உரியது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால், ஓரிடத்தில் ஒளி இரட்டித்தாலும் பார்வைத் தூரம் இரட்டிப்பதில்லை, ஏறத்தாழ 1.4 மடங்கே ஆகும். ஆயுளும் குறையும். இழைக்குச் செல்லும் வோல்ற்று நூற்றுக்கு 5 பங்கு கூடினால் ஒளி ஏறத்தாழ 18 பங்கு கூடும். குமிழின் ஆயுளோ ஏறக்குறையப் பாதியாகும்.

ஹலோஜன் குமிழுக்கென அமைந்த ஆடியினுள் எல்.ஈ.டி. குமிழைச் செருகுவது இன்று பரவியுள்ளது. மெல்லிய இழை எல்லாத் திசையிலும் ஒளி வீசும், எல்.ஈ.டி. தகடோ இருபக்கமே வீசும். இழை நின்ற இடத்திலேயே அது மிகச் சரியாக நிற்காவிடின், ஒளியின் மேல்விளிம்பு குலைந்து எதிர்வருபவரின் கண்ணுக்குச் செல்லும். செலுத்துபவருக்கு முன்னிலம் பளிச்சென்று தெரியும். அதுவே தொலைவிலுள்ள இருளைக் காணும் ஆற்றலைக் குறைத்துவிடும். இதனாலேயே ஜேர்மனி 2020 ஆம் ஆண்டில் இவ்வகைக் குமிழை அனுமதித்தபோது, சோதித்தறிந்த குமிழ்களுக்கும் பெயர் குறித்த வண்டிகளுக்கும் மட்டுமே அனுமதி வழங்கியது.

புதிய குமிழை வாங்குமுன் செய்யவேண்டியன சில உண்டு. முகக்கண்ணாடி மஞ்சளித்து மங்கியிருந்தால் எக்குமிழும் பயன்தராது. அதனை மெருகிடல் வேண்டும். ஆடி மங்கியிருந்தால் விளக்கையே மாற்றல் வேண்டும். பழைய கம்பிகளிலும் துருவேறிய இணைப்புகளிலும் மின்னழுத்தம் வீழ்ந்துவிடும். நூற்றுக்கு 10 பங்கு வீழ்ந்தாலே ஒளியில் ஏறத்தாழ 30 பங்கு போய்விடும். பல வண்டிகளுக்குத் தேவைப்படுவது புதிய குமிழன்று, இணைப்புகளைத் துலக்குவதே. குமிழைப் பூட்டும்போது குவாட்சினை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய் படிந்த இடம் மிகச் சூடேறிக் குமிழ் கெடும். ஒரு பக்கத்துக் குமிழ் தளர்ந்தால் மறுபக்கத்ததும் தளரும் காலம் அண்மித்திருக்கும். இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் நன்று.

இறுதியாக ஒளியின் சாய்வைச் சரிபார்த்தல் வேண்டும். சமதரையில், சுவரிலிருந்து 10 மீற்றர் தொலைவில் வண்டியை நிறுத்தினால், பெரும்பாலான சிறிய வண்டிகளில் தாழ் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்திலும் பார்க்க ஏறத்தாழ 10 சதமமீற்றர் தாழ்ந்திருக்கும். வண்டிக்கெனக் குறிக்கப்பட்ட அளவு வேறாயின் அதனையே கொள்க. பின்னிருக்கையில் நால்வரும் பெட்டிகளும் ஏறினால் வண்டியின் முன்பகுதி உயரும். தாழ்ந்திருந்த ஒளியும் அதனுடன் உயரும்.

இத்தனை செய்த பின்னரும் ஒன்று எஞ்சுகின்றது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, சாரதி கண்டு, உணர்ந்து, தடுப்பை மிதித்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 70 மீற்றர் ஓடிவிடும். கருநிற ஆடையணிந்து வீதியோரம் நடப்பவர் தாழ் ஒளியில் அத்தொலைவிலே தெரிவது அரிது. அவருக்கும் சாரதிக்குமிடையே உள்ள குறையைக் குமிழ் மட்டும் நிரப்பாது; வேகத்தைக் குறைப்பதும் அதில் ஒரு பங்காகும். தாம் காணும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் வண்டியைச் செலுத்துபவரும், எதிரே ஒளி தென்பட்டவுடன் தம் ஒளியைத் தாழ்த்துபவருமே, குதிரையோடு வண்டி இழந்த கண்களை உண்மையில் மீட்டவராவர்.